அம்சா மோட்டார்

தேவநாதனுக்கு மிஷின் என்றாலே ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது முழுசாக உண்மை இல்லை. மிஷின் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இனிமே நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சொல்கிறவன் மேல்தான் கோபம். டீக்கடை பூமாலை ஒரு பெட்டி வைத்திருக்கிறான். யாராவது போனில் காசு அனுப்பினால் அது தொண்டையைத் திறந்து, இத்தனை ரூபாய் வந்தது என்று கத்தும்.

"குடுத்தது எனக்குத் தெரியும், வாங்கனது உனக்குத் தெரியும். நடுவுல இது இன்னாத்துக்கு ஊரைக் கூட்டுது?" என்று ஒருநாள் கேட்டார்.

"காலத்துக்கு ஏத்தா மாதிரி மாறிக்கணும்ணா," என்றான் பூமாலை.

"மாறிக்கினுதான்யா கீறேன். முன்ன டீ குடிக்க வந்தேன். இப்ப இது கத்தறதைக் கேக்க வர்றேன்."

தேவநாதன் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள். வயது ஐம்பத்து நாலு. திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் அவர் ஊர். கொஞ்சம் நெல், மீதியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. எழுத்துக் கூட்டிப் படிப்பார். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆள் முரடு. சிரித்தாலும் திட்டுவது போலத்தான் இருக்கும்.

நிலத்தில் இரண்டு போர். ஒன்றுக்குக் கரண்ட் இணைப்பு அவர் பேரில். இன்னொன்று அவர் பெண்சாதி அம்சா வீட்டார் கொடுத்த நிலத்தில் இருப்பதால் இணைப்பு அம்சா பேரில். ஆகவே அது அம்சா மோட்டார். மின்சார ஆபீசில் வைத்த பேர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அம்சாவே "என் மோட்டார்" என்று சொன்னதில்லை. "அம்சா மோட்டார் ஓடுதா பாரு" என்று, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிப் பேசுவது போலத்தான் சொல்லுவாள்.

அந்த மோட்டார் நீர்மூழ்கி இல்லை. கம்ப்ரசர். போருக்குள் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே தள்ளுவது. மோட்டார் ஒரு பக்கம், கம்ப்ரசர் ஒரு பக்கம், நடுவில் மூன்று பெல்ட்டு. அதைக் கட்டி மேய்த்தது சவுரிராயன். சர்ச்சுத் தெருக்காரன். தேவநாதனைவிட இரண்டு வயது சின்னவன். தண்ணீர் கட்டுவது, வரப்பு வெட்டுவது, மோட்டார் பார்ப்பது எல்லாம் அவன்தான், இருபது வருஷத்துக்கு மேலாக. சத்தத்தை வைத்தே எந்த பெல்ட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லுவான். ஒரு காலத்தில் குடிப்பான். ஏழு வருஷத்துக்கு முன்னால் வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வந்தான், அதோடு விட்டான். விட்டதை அவன் பெண்சாதி ஜெசிந்தா நம்புவதற்கே இரண்டு வருஷம் பிடித்தது.

போன பொங்கலுக்கு, ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் திருமுருகன் ஒரு பெட்டி வாங்கி வந்தான். உள்ளே ஒரு சிம் கார்டு. மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பக்கத்தில் அதை மாட்டினான். "வூட்ல இருந்துகினே போன் பண்ணுப்பா. பெட்டி தானா எடுத்து தானா வெச்சிடும். மோட்டார் ஓடும். மறுபடியும் பண்ணா நின்னுடும். ஒரு பொத்தானும் அமுக்க வேணாம்."

"வூட்ல இருந்துகினு மோட்டார் போட்டா நான் எதுக்குடா நெலத்துக்குப் போவணும்?"

"போவ வேணாம்னுதான் சொல்றேன்."

சவுரிராயன் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கும் வேலை இல்லன்னு சொல்லு தம்பி," என்றான்.

"இது வந்து மடை தொறக்குமாடா? போயி வேலையைப் பாரு," என்றார் தேவநாதன்.

திருமுருகன் அப்பா போனில் அந்த நம்பரை எழுதி வைத்தான். சவுரிராயன் போனிலும் எழுதினான். அப்பா போனில் அம்மாவுக்கு "அம்சா". பெட்டிக்கு "அம்சா மோட்டார்". வீட்டில் எல்லாரும் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதினான். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, தேவநாதனுக்கும் அது பிடித்துவிட்டது. முன்பு மோட்டார் போட வேண்டுமானால் முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடந்தால் வழியில் வயலைப் பார்ப்பார், வாய்க்காலைப் பார்ப்பார், கொட்டகைக்குள் பாம்பு இருக்கிறதா, பல்லி இருக்கிறதா, ஆள் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் பச்சைப் பொத்தானை அமுக்குவார். இப்போது கட்டிலில் உட்கார்ந்தபடி அமுக்கினார். விரல் நிலத்துக்குப் போய் வந்தது. கண் வீட்டிலேயே கிடந்தது. அந்த வித்தியாசம் அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்புறம் அந்தக் கண்ணிலேயே புரை விழுந்தது. விழுப்புரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள். வைகாசியில் ஒரு புதன்கிழமை. காலையில் கிளம்பும் முன் வீட்டிலிருந்தே மோட்டார் போட்டார். கொஞ்ச நேரத்தில் சவுரிராயன் போன் பண்ணி, பெல்ட்டு வழுக்குது, கீச்சு கீச்சு என்று கத்துது என்றான்.

"நிறுத்திட்றேன். வேற பெல்ட்டு கொட்டாய்லதான் கீது. மாத்திடு. நான் சாயங்காலம் வந்துடுவேன்."

பெட்டிக்கு மறுபடி அடித்து மோட்டாரை நிறுத்தினார். பஸ் ஏறினார்.

பெல்ட்டு மாட்டும்போது கரண்ட் வராமல் பீஸ் கட்டையைப் பிடுங்கி வைக்கிற பழக்கம் சவுரிராயனுக்கு இல்லை. இருபது வருஷத்தில் ஒருநாளும் பிடுங்கியதில்லை. பச்சைப் பொத்தானை ஒரு ஆள் அமுக்கினால்தான் அது ஓடும். அந்த ஆளே பெல்ட்டு மாட்டிக்கொண்டிருந்தால் வேறு எவன் வந்து அமுக்கப் போகிறான்? பெட்டி வந்து நாலு மாசம்தான் ஆகிறது. கைப்பழக்கம் நாலு மாசத்தில் மாறாது. அதோடு, மாற்றச் சொன்னதே தேவநாதன். சொன்னவரே அடிப்பாரா?

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். மூன்று முறை விட்டார்கள். கண்பாப்பா விரிந்து உலகமே கஞ்சித் தண்ணீராகிவிட்டது. ஆபரேஷன் தேதி குறிக்க நேரமாகும் என்று நர்ஸ் சொன்னாள். அம்சாவுக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். பேரைத் தேடி எடுக்க அவருக்குத் தெரியாது. கடைசியாகப் பேசினவர்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் பார்த்து அமுக்குவார். மேலே ஒரு பெரிய "அ" தெரிந்தது. அதற்குப் பின்னால் எல்லாம் புகை. அமுக்கினார். ஒருமுறை மணி அடித்தது. எடுத்து வைத்துவிட்ட மாதிரி கட் ஆனது.

'கையில மாவு இருக்கும், தெரியாம வெச்சிட்டா' என்று நினைத்தார். மறுபடி அமுக்கினார். மறுபடியும் அப்படியே. "பேசறதுக்குக்கூட பேஜாரு இவளுக்கு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அம்சாவே கூப்பிட்டாள். அழுதுகொண்டே பேசினாள். "சவுரி கையி பெல்ட்டுல மாட்டிக்கிச்சி. வெரலு போச்சி. திண்டிவனம் தூக்கிகினு போனாங்க, அங்கேந்து முண்டியம்பாக்கம் அனுப்பறாங்களாம். நீ ஜல்தி அங்க போயிடு."

"ஐயோ! இதோ போறேன். முன்ன ரெண்டு தபா அடிச்சேன், எடுத்து எடுத்து வெச்சிட்ட."

"எனக்கு எங்க அடிச்ச? போனு என் மடியிலதான் கீது. ஒண்ணும் வரலியே."

மருந்து இன்னும் கண்ணில் இருந்தது. தேதி வாங்காமலே கிளம்பினார். முண்டியம்பாக்கம் விழுப்புரத்துக்குப் பக்கம்தான். ஆம்புலன்ஸுக்கு முன்னாலேயே பெரியாஸ்பத்திரி வாசலில் போய் நின்றுவிட்டார். வெயில் ஊசியாகக் குத்தியது. வேப்ப மரத்தடியில் நின்று, போனை மூக்குக்கு நேரே வைத்து, தூரமாக வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். அம்சா. அதற்குக் கீழே, அம்சா மோட்டார். பக்கத்தில் மணி, பதினொன்று நாற்பத்திரண்டு. அதற்குக் கீழே மறுபடி அம்சா மோட்டார். அதே மணி.

ஒருதரம் அடித்தது ஓடுவதற்கு. இன்னொரு தரம் அடித்தது நிற்பதற்கு. நடுவில் தான் எதை நினைத்துக்கொண்டிருந்தோம் என்று யோசித்தார். அம்சா கையில் மாவு.

திருமுருகன் எப்போதோ செய்து பார்த்தது ஞாபகம் வந்தது. அந்தப் பேர் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தார். நீக்கவா என்று போன் கேட்டது. ஆமாம் என்றார். அடுத்ததுக்கும் கேட்டது. அதற்கும் ஆமாம் என்றார். நாலு வருஷமாக ஒரு பேரைச் சேர்க்கத் தெரியாத மனுஷன், நீக்குவதற்கு ஒரு நிமிஷத்தில் கற்றுக்கொண்டார். அப்போதுதான் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

வலது கையில் மூன்று விரல் போயிருந்தது. ரேஷன் கடை மிஷினில் சவுரிராயன் வைக்கிற விரலும் அதில் ஒன்று.

வராந்தாவில் ஜெசிந்தா நேராகவே கேட்டாள். "அண்ணா, மோட்டார் தானா ஓடிச்சி, தானா நின்னுச்சின்றாரு. பொட்டி கீதே, நீ ஏதாச்சும் போன் கீன் பண்ணியா?"

"நான் கண்ணுல மருந்து ஊத்திகினு ஆஸ்பத்திரியில குந்திகினு கெடந்தேம்மா," என்றார் தேவநாதன்.

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் அவர்தான் நின்றார். இரண்டாம் நாளே பெட்டியைக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டார். ஊரில் அவரைப் பற்றி நல்லபடியாகப் பேசினார்கள். சவுரிராயனைப் பற்றித்தான் கெட்டபடியாகப் பேசினார்கள். ஆட்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது மோட்டார் நின்றுகொண்டிருந்தது. பெட்டிக்குப் போன் பண்ணுகிறவரோ கண்ணில் மருந்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். தானாக ஓடித் தானாக நிற்கிற மோட்டாரை எவன் பார்த்திருக்கிறான்? "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாம்பா. கொட்டாய்லயே வெச்சி ஊத்தி இருப்பான். தடுமாறி பொத்தான் மேல கை வெச்சிட்டான்," என்று டீக்கடையில் பூமாலை சொன்னான். தேவநாதன் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீ ஆறிப்போயிற்று என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் இப்படியே போனது. சவுரிராயனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவன், "அண்ணன் இல்லன்னா நான் இன்னா ஆவேன்" என்பான். தேவநாதன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் திரும்பி வருவார். ஒருநாள் அவனே கேட்டான். "ஒருவேளை நான்தான் பொத்தான்ல கை வெச்சிட்டனோ? எல்லாரும் சொல்ல சொல்ல எனக்கே அப்படித்தான் தோணுதுண்ணா."

அன்றைக்கு மத்தியானம் அம்சா வீட்டுக்குள் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"ஜெசிந்தா தெனம் அவரு வாயை மோந்து பாக்குதாம். தூங்கும்போதுகூட. அதுவே சொல்லி அழுவுது. ஏழு வருசமா நம்பனனே, இப்ப எதை நம்பறதுன்னு கேக்குது."

தேவநாதன் சிதறின ஒரு கொட்டையைப் பொறுக்கி முறத்தில் போட்டார்.

"அன்னிக்கு எனக்கு ரெண்டு தபா அடிச்சேன்னு சொன்னியே," என்றாள் அம்சா.

கொட்டை உடைகிற சத்தம் நிற்கவில்லை. அவள் அதற்கு மேல் கேட்கவும் இல்லை. மூன்று வாரமாக அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பதினொன்று நாற்பத்திரண்டை அவரும் தின்னாமல், அவளும் துப்பாமல், ஒரே சோற்றுத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனங்கள் வீட்டுக்கு வந்த நேரம் பார்த்து சர்ச்சுத் தெருவுக்குப் போனார். சவுரிராயன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தான். ஜெசிந்தா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சவுரி, அன்னிக்கு மோட்டார் போட்டது நான்தான். அம்சான்னு நெனச்சி அடிச்சேன். அது அம்சா மோட்டாருக்குப் போயிடிச்சி. ரெண்டு தபா அடிச்சேன்."

சவுரிராயன் கை பொத்தானிலேயே நின்றது. ஜெசிந்தாதான் பேசினாள். பேசுவதற்கு முன்னால் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை.

"நல்லா கீதுண்ணா. இவரு குடிச்சத மறைக்க நீ வந்துட்டியா? உனக்குத் தங்கமான மனசு, தெரியும். அதுக்காவ பொய் சொல்லாத. இப்பதான் பூசையில முட்டி போட்டுட்டு வந்து கீறேன்."

"பொய் இல்லம்மா."

"அப்ப போனைக் காட்டு. அடிச்சது அதுல இருக்கும்ல?"

"அழிச்சிட்டேன்."

"நீயா? ஒரு நம்பரைப் போடறதுக்கு தெருவுல போற ஆளைக் கூப்புடுவ. நீ அழிச்சியா?" மீனைத் திரும்பவும் கையில் எடுத்தாள். "போயிட்டு வாண்ணா. இவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, எனக்கும் கேக்கத் தெம்பு இல்ல."

சவுரிராயன் மட்டும் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் நம்பிவிட்டான். அது தேவநாதனுக்குத் தெரிந்தது. ஆனால் அவன் நம்பி என்ன ஆகிறது? அவன் வாயை மோந்து பார்ப்பது அவன் இல்லையே.

மறுநாள் காலை திருமுருகனுக்குப் போன் பண்ணினார். மகன் எல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு, போனில் அழித்தாலும் சிம் கம்பெனிக்காரனிடம் கணக்கு இருக்கும், திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள் என்றான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சென்டர். ஆர்த்தி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. போனுக்கு வந்த ஓடிபியை அவர் ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னார். இரண்டு முறை நேரம் முடிந்துபோய், மூன்றாம் முறை சரியாக வந்தது. திரையில் வரிசை வரிசையாக நம்பர் ஓடியது.

"எந்த நாளுக்கு அங்கிள் வேணும்?"

சொன்னார். அந்தப் பெண் நிறுத்திப் பார்த்தது. "இந்த நம்பரா? ரெண்டு கால். பதினொண்ணு நாப்பத்தி ரெண்டு. நடுவுல பதினாலு செகண்டு." நிமிர்ந்தது. "யாராவது ஏமாத்திட்டாங்களா அங்கிள்?"

"ஆமாம்மா."

"யாரு?"

"எடுத்துக் குடும்மா. பஸ்ஸுக்கு நேரம் ஆவுது."

தான் வாயால் சொன்னால் செல்லாதது, மிஷின் சொன்னால் செல்லும். ஐம்பத்து நாலு வயதில் தன் நாக்குக்கு அந்தத் தாள் ஜாமீன் நிற்க வேண்டியிருக்கிறதே என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தார். ஆனால் மிஷினைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பெட்டி சொன்னதைச் செய்தது. போன் நடந்ததை எழுதி வைத்தது. மறைத்தது மனுஷன்.

ஜெசிந்தா பத்தாவது வரை படித்தவள், மகளிர் குழுவில் எழுதுகிறவள். தாளை வாங்கினாள். புருஷன் போனைக் கொண்டுவரச் சொல்லி, அதில் பெட்டி நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள். ஒருதரம் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சவுரிராயனைப் பார்க்க அவளுக்கு முகம் இல்லை.

"பதினாலு செகண்டுதானா," என்றான் சவுரிராயன். "எனக்கு ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சி."

"சவுரி..."

"நீ அடிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேண்ணா. கண்ணு தெரியல, அடிச்சிட்ட. ரெண்டாவது தபா நீ அடிக்கலன்னா முழுக் கையும் போயிருக்கும், அதுவும் தெரியும். ஆனா அழிச்ச பாரு, அப்ப கண்ணு தெரிஞ்சிதான அழிச்ச?"

தேவநாதன் தலையை அசைத்தார். "பெரியாஸ்பத்திரி வாசல்ல, நீ வந்து சேர்றதுக்கு முன்ன," என்றார்.

"நான் ஆம்புலன்ஸ்ல வந்துகினு இருக்கேன். நீ வாசல்ல நின்னு அழிச்சிகினு இருக்க." அவன் குரல் உயரவே இல்லை. "இனிமே நெலத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கோ. செலவுக்கும் குடுக்காத. வந்து பாக்கவும் வேணாம்."

"எங்கடா போவ இந்தக் கையோட?"

"அது என் கையி."

அவர் எழுந்தார். தாளைத் திருப்பி வாங்கலாமா என்று கை நீண்டது. ஜெசிந்தா அதை மார்போடு வைத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும்," என்றாள். "அண்ணா" என்று சொல்லவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள்தான் முதலில் வெளியே இறங்கினாள். அடுத்த வீட்டு சவுரியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா அவள் முன்னால் போய் நின்று தாளை விரித்தாள். "என் புருசன் குடிச்சான்னு சொன்னியே, இதைக் கேளு," என்று தேவநாதன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி, உரக்கப் படித்தாள். அப்புறம் பெட்டி நம்பரை. அப்புறம் மணியை. முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் முதலிலிருந்து படித்தாள்.

தெருவைத் தாண்டித்தான் அவர் ஊருக்குப் போக வேண்டும். கொல்லைப்பக்கமாகச் சோளக்காட்டு வழி ஒன்று இருந்தது. அதில் போகவில்லை. அவள் ஒரு வாசலில் நிற்கும்போது அவரும் நின்றார்; அவள் நகர்ந்ததும் நகர்ந்தார். இந்தப் பக்கம் இருபது வீடு, அந்தப் பக்கம் பதினெட்டு. ஒவ்வொரு வாசலிலும் அவருடைய பத்து எண்ணும் கேட்டது.